வீடு பார்க்க வந்த நதீரா

அத்தியாயம் 9

மருதமுனை மாப்பிள்ளை வீட்டிலிருந்து "ஓம்" என்று சம்மதம் வந்த அன்று நாச்சியா உடனே பாயை விரித்து இரண்டு றக்அத் தொழுததையும், அவள் மகள் சபூறா கிணற்றடிக்கு ஓடிப்போய் அழுததையும், அந்த அழுகையைச் சந்தோஷம் என்று வீட்டார் எடுத்துக்கொண்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதன் பிறகு ஒரு கிழமை ஓடிவிட்டது. ஏன் அழுதோம் என்று சபூறாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். போன வருடச் சூறாவளிக்குப் பிறகு, மருதமுனையில் ஆமினா உம்மா வீட்டுத் தறிகள் திரும்ப ஓடத் தொடங்கியபோது வேலைக்கு ஆள் பற்றவில்லை. தெரிந்தவர்கள் மூலம் கல்முனைக்குடியிலிருந்து சபூறாவைக் கூப்பிட்டார்கள். நெடுக்கு நூலான பாவைத் தறியில் பூட்டுமுன் அதன் ஒவ்வொரு இழையையும் விழுது என்ற கயிற்று வளையத்தின் கண்ணுக்குள்ளால் எடுக்க வேண்டும். பின்னால் இருப்பவள் இழையைப் பிரித்துக் கொடுப்பாள். முன்னால் இருப்பவள் கொக்கியால் இழுப்பாள். கொடுத்தவள் சபூறா. இழுத்தவள் ஆமினா உம்மாவின் மகள் நதீரா. அந்த வீட்டில் நதீராவுக்கு மூத்தவனாக, அவள் காக்கா என்று கூப்பிடும் பதியுதீன் என்றொரு மகனும் இருந்தான்.

கலியாணமாகாத இருபத்து மூன்று வயதுக் குமர் ஒருத்தி தினமும் பஸ் ஏறி மருதமுனைக்கு ஓடுகிறாள். வேலை இல்லாத நாளிலும் ஓடுகிறாள். வேறு என்ன காரணம் இருக்கப் போகிறது? கலியாணம் முடித்துப் பக்கத்து வளவில் இருக்கும் மூத்தவள் றம்லா, காரணத்தைத் தானே கண்டுபிடித்து உம்மாவின் காதில் போட்டாள். உம்மா வாப்பாவின் காதில் போட்டாள்.

வாப்பா அப்துல் ஸமட் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை வெட்கப்படும் என்று அவருக்கு இரக்கம். பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை கேட்பதுதானே வழமை? தாய்வழிக் குடியும் இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு, தடையில்லை. அவர் போய்க் கேட்டார்.

இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். அவன் வந்து வாழப்போகிற வீட்டின் சுவரையும் கூரையையும் அவனுடைய உம்மா பார்த்துத் திருப்திப்பட வேண்டும். பட்டால் இன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

குசினியில் றம்லா தேங்காய் துருவினாள். சபூறா பால் பிழிந்தாள்.

"நம்மட மரமெல்லாம் காத்தோட போச்சி. தேங்காய் குருநாகல்ல இரிந்து லொறியில வருகிது. அதில மாப்புள ஊட்டாருக்கு வட்டிலப்பம்," என்றாள் றம்லா. "உண்டு பாத்திட்டுச் சீனி காணா எண்டு சொல்லட்டும், நான் கதைக்கிறன்."

"ராத்தா."

"என்னகா?"

"மச்சானப் பேசினத்துக்கு முந்தி, உங்களுக்கு எப்பிடி இரிந்த?"

துருவலையில் றம்லாவின் கை நின்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்ட றப்பே! ஊமைக் கொமரு வாயத் துறந்திட்டு! எப்பிடி இரிந்தயா? சோறு இறங்கா. உம்மா கூப்பிட்டாலும் காதில உழா. அவரு இந்த ரோட்டால சைக்கிள்ள போவாரு. மணி கிணி ஒண்டும் அடிக்கமாட்டாரு. ஆனா எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இரிக்கும்."

"காணாத நாள்ல?"

"காணாத நாள்ல ஆரக் கண்டாலும் கோவம் வரும். ஒருக்கா உன்னப் புடிச்சிச் சும்மா அடிச்சனே, ஞாபகமிரிக்கா? அண்டைக்கு அவரு வரல்ல."

சபூறா தேங்காய்ப் பூவை இறுக்கிப் பிழிந்தாள். சோறு இறங்கவில்லை, சரி. காதில் விழவில்லை, அதுவும் சரி. இழைகளுக்கு அப்பால் குனிந்திருக்கும் நதீரா நிமிர்ந்து பார்க்காமலே "குடு" என்று கையை நீட்டுவாளே, அப்போது துள்ளுகிற மீனும் சரி. நதீரா பாலமுனைக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த அந்தக் கிழமை, சபூறா உம்மாவோடு சண்டை பிடித்தாள், பூனையோடு சண்டை பிடித்தாள், நல்ல மீன் கொண்டுவந்த மீன்காரனைப் பிழையாகப் பேசி அனுப்பினாள்.

"மெய்யாத்தான் கேக்கன்," றம்லா குரலைத் தாழ்த்தினாள். "மாப்புளைக்கு மீசை இரிக்கா? நான் அவர ஒழுங்காப் பாக்கல்ல."

சபூறா யோசித்தாள்.

நதீராவின் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. கொக்கி பிடித்துப் பிடித்து அவளுடைய நடுவிரலில் தோல் தடித்திருக்கும். கோபம் வந்தால் முதலில் சிவப்பது காதுதான். இதையெல்லாம் சபூறா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

பதியுதீன்? அவன் நூல் பொதி தூக்கிக்கொண்டு வருவான். போவான். ஒரு மழை நாளில் பஸ் நிற்கும் இடம்வரை குடை பிடித்தும் வந்திருக்கிறான். அவனுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒரு கட்டம் போட்ட சாரமும் ஒரு இருமலும்தான் வந்தன.

"தெரியா," என்றாள்.

றம்லா சிரித்த சிரிப்பில் துருவலை சரிந்தது. "உம்மா! ஓடி வாங்க! இத்தின மாசம் பாத்தும் மீசையக் காணல்லியாம்! அவ்வளவு வெக்கமாம்!"

நாச்சியா வந்தாள். அவளும் சிரித்தாள். சபூறாவும் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

'நான் அவனுக்காகப் போகவில்லை.'

அது தெரிந்ததுதான். ஆனால் அந்த நினைப்புக்கு இன்னொரு பாதி இருந்தது. இத்தனை நாளும் அவள் எட்டிப் பார்க்காமல் இருந்த பாதி. அது கேட்காமலே வந்து முன்னால் நின்றது.

பால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. இதற்கு என்ன பெயர்? அவளுக்குத் தெரியாது. ஆணை ஆண் விரும்பியதால் அழிந்துபோன லூத் நபியின் கூட்டத்தாரைப் பற்றி ஓதப்பள்ளியில் கேட்டிருக்கிறாள். அங்கே ஆண்களைப் பற்றித்தான் சொன்னார்கள். பெண்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில், மருதமுனையில், இந்தக் கரை முழுக்க, இப்படி ஒருத்தி இருந்ததாக ஒரு கதைகூட அவள் காதில் விழுந்ததில்லை. அப்படியென்றால் உலகத்தில் முதல் ஆள் அவள்தானா?

ஒரு நினைப்பு இனிப்புக் காட்டியது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். பதியுதீனை முடித்தால் நதீரா மதினியாகிவிடுவாள். பெருநாளுக்குப் போகலாம், பிள்ளைப்பேற்றுக்குப் போகலாம். ஏன் ஓடுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னாலோ மருதமுனை வாசல் இன்றோடு அடைபடும்.

"சபூறா! எங்க நிக்கா? போய் முகத்தக் கழுவு!" உம்மாவின் குரல்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் வாடகைக் கார் ஒன்று வந்து வாசலில் நின்றது. பதியுதீனின் மாமாவும் மருதமுனைப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் ஒருவரும் முன்மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஆமினா உம்மா உள்ளே வந்து, முகமன் சொல்லி முடியுமுன்னமே, சூறாவளிக்குப் பிறகு கட்டிய புது வீட்டின் சுவரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"கூரைய இறுக்கிக் கட்டினயா மதினி? இன்னொரு காத்து வந்தா என்ட மகன் பறந்திருவான்."

"உங்கட மகன் பறந்தாலும் கூரை பறக்கா," என்றாள் நாச்சியா. "அவ்வளவு ஆணி அடிச்சிரிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். ஆமினா உம்மாவுக்குப் பின்னால் நின்ற நதீரா சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

"போகா, மதினிக்கு அறையக் காட்டு," என்று றம்லா இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிட்டு, ஆமினா உம்மாவையும் நாச்சியாவையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

கட்டில் புதிது. பொலிஷ் வாசம் இன்னும் போகவில்லை. நதீரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், எழும்பினாள், யன்னலைத் திறந்தாள், பூட்டினாள், அலுமாரிக் கதவை இழுத்துப் பார்த்தாள். தறியடியில் மணித்தியாலக் கணக்காக அசையாமல் இருக்கிறவள் இவள்தானா என்று சபூறாவுக்குத் தோன்றியது.

"நல்ல கட்டில்," என்றாள் நதீரா.

"ம்."

"காக்கா குறட்ட உடுவாரு. தெரியுமா?"

"தெரியா."

"தெரியாதா? எல்லாத்தையும் பாத்து வெச்சிரிப்பாயெண்டு நெனச்சன்."

"ஏன்கா கோவமா இரிக்கா?"

"எனக்கென்ன கோவம்? காக்காவுக்குக் கலியாணம். சந்தோசம்." கட்டிலில் விரித்திருந்த நீலக்கோட்டு விரிப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினாள். "இது நாம எடுத்த பாவு."

"ஓம். உம்மா கடையில வாங்கினவ."

"இதப் போய்க் கடையில வாங்கினவவா?" விரிப்பை விட்டாள். "உன்ட இடத்துக்கு உம்மா வேற ஆள் பாக்கிறா. தெரிஞ்ச புள்ளயாம், கை கெதியாம்."

அந்தக் கை கெதியான பிள்ளையைச் சபூறா அந்த நிமிடமே வெறுத்தாள்.

"காக்கா எப்பிடி இரிக்காரு?" என்று கேட்டாள். என்னத்தையாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

நதீராவின் குரல் முதல் தடவையாக இளகியது. "அவரு பாவம். உங்கட வாப்பா வந்து உன்ட பேரச் சொன்ன அண்டைக்கு, உண்ட சோத்த அப்பிடியே வெச்சிட்டு எழும்பிட்டாரு. இப்பயும் ஒழுங்கா உண்ணுறல்ல. கூப்பிட்டாலும் கேக்கிறல்ல. சும்மா சும்மா சிரிக்காரு. பைத்தியம்."

சபூறா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

முகம் நினைவில் இல்லாத அந்த மனிதன் இப்போதுதான் அவளுக்கு ஒரு ஆளாகத் தெரிந்தான். அவன் எதைப் பட்டுக்கொண்டிருக்கிறான் என்று இந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அப்படிப்பட்டவனை இந்த அறைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு, மருதமுனையை நினைத்துக்கொண்டிருப்பதா?

இனிப்பு கசந்துபோயிற்று.

"நதீரா! தேத்தண்ணித் தட்டத்த எடுகா!" நடைக்கு அப்பாலிருந்து றம்லா கூப்பிட்டாள். "வாப்பா அறைக்குள்ள வாறாரு."

நதீரா சபூறாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அப்துல் ஸமட் கதவு நிலையருகில் வந்து நின்றார். கல்முனை பஸாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அங்கே அவர் சத்தம் அடுத்த சந்திவரை கேட்கும். இங்கே செருமிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, மகளைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்தார்.

"மகள், மருதமுனைப் பதியுதீனுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்க வாக்குக் குடுக்கப் போறன். சம்மதமா மனே?"

கேட்டு முடியுமுன்னமே பாதி திரும்பிவிட்டார். குமர்ப் பெண்ணின் மௌனம்தான் சம்மதம். றம்லா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், கலியாணம் நடந்தது. நாச்சியாவும் அப்படித்தான். இந்தக் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதே கிடையாது.

"இல்ல வாப்பா."

அவர் நின்றார். மெல்லத் திரும்பினார்.

"எனக்குச் சம்மதமில்ல."

"மெதுவாக் கதை," என்றார். முன்மண்டபத்தில் மரைக்கார் யாருக்கோ மழை இல்லாத கதை சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன மனே இது? உனக்காகத்தானே வாப்பா போய்க் கேட்ட?"

"நான் கேக்கச் சொல்லல்லியே வாப்பா."

"அப்ப என்னத்துக்கு அந்த ஊட்டுக்கு ஓடின? வெயிலெண்டும் மழையெண்டும் பாக்காம?"

அவர் உள்ளே வந்தார். அவளுக்கு முன்னால், தரையில், மடித்த காலோடு குந்தினார். தொப்பி நெற்றியில் இறங்கியது.

"வேற ஆரையும் மனசில வெச்சிரிக்கியா? பயப்புடாமச் சொல்லு. இல்லாதவனெண்டாலும் பறவாயில்ல, என்ன ஊரெண்டாலும் பறவாயில்ல. இந்த மனிசர இப்பயே திருப்பி அனுப்புறன். மரைக்காரு ஏசட்டும், ஊரு சிரிக்கட்டும். நாளைக்கே வாப்பா போய்க் கேக்கன். நீ பேர மட்டும் சொல்லு."

அவர் உண்மையாகவே சொன்னார். கண்ணில் தெரிந்தது. கல்முனைக்குடியில் எத்தனை வாப்பாமார் ஒரு குமரின் முன்னால் இப்படிக் குந்துவார்கள்?

அந்தப் பேர் சபூறாவின் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பேருக்கு உரியவள் நடையில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். உலகத்தில் எந்தப் பேரைச் சொன்னாலும் போய்க் கேட்கத் தயாராக இருக்கிற மனிதரிடம், அவளுடைய ஒரே பேரைச் சொல்ல முடியாது.

உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வாப்பா காத்திருந்தார். நெற்றி வேர்த்தது. மெல்ல மெல்ல அவர் முகம் தளர்ந்தது, பாரம் இறக்கிய ஆளைப் போல.

"அப்ப ஒருத்தரும் இல்ல," என்றார். "ஒருத்தரும் இல்லாட்டி இது பயம்தான். கொமருகளுக்கு வாற பயம். உன்ட உம்மாவுக்கும் இரிந்த. கலியாணம் முடிஞ்சாச் சரியாகும்." முழங்காலில் கை ஊன்றி எழும்பினார். சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"வாப்பா—"

அவர் போய்விட்டார். முன்மண்டபத்தில் அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது.

"கேட்ட நான். மகள் பேசாமத்தான் இரிக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மரைக்கார். "வேற என்ன வேணும்?"

பாத்திஹா ஓதும் சத்தம் எழுந்தது. கிணற்றடியில் பெண்கள் சிரித்தார்கள். அப்துல் ஸமட் பொய் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆயுளில் முதல் தடவையாக அவள் வாய் திறந்து சொன்ன சொல் மட்டும் இந்த அறைக்குள்ளேயே கிடந்தது.

நிலையில் நிழல் விழுந்தது. நதீரா. கையில் தட்டம். ஒரு கோப்பையும் குறையவில்லை.

"ஆறிப்போச்சி," என்றாள்.

சபூறா அவளைப் பார்த்தாள்.

"நடையிலதான் நிண்ட நான். நீ இல்ல எண்டு சொன்ன."

"ஓம்."

"எங்கட காக்காவ வேணாமெண்டு சொன்ன."

"ஓம்."

"உன்ட வாப்பா அங்க வேற சொல்றாரு. மாமா வட்டிலப்பம் உண்ணத் தொடங்கிட்டாரு. அவருக்குத் தெரியா. உம்மாவுக்குத் தெரியா. ஊட்டுல சோறு உண்ணாம இரிக்கிறவருக்கும் தெரியா." நதீரா ஒரு எட்டு உள்ளே வந்தாள். "எனக்குத் தெரியும். நான் இப்ப என்ன செய்யிற? போய்ச் சொல்லவா, உடவா?"

"உன்ட காக்கா நல்லவரு," என்றாள் சபூறா. "அவர ஏமாத்தேலா என்னால."

"அது சரி. அவரப் பாக்க வரல்லயெண்டா, ஆரப் பாக்க வந்த நீ?"

"உன்னத்தான்."

"அது எனக்குத் தெரியும்கா!" பட்டென்று வந்தது, கோபத்தோடு. "தறி ஓடாத நாள்லயும் வந்து, நூல் இல்லயெண்டு தெரிஞ்சும் குந்தியிரிந்திட்டுப் போவியே, உனக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல என்ன எண்டுதான் கேக்கன்."

"நதீரா!" வெளியே ஆமினா உம்மா சத்தம் போட்டாள். "வாகா, கார்க்காரன் அவதிப்படுறான்! மாமா எழும்பிட்டாரு!"

நதீரா தட்டத்தைக் கட்டிலில் வைத்தாள். கோப்பை ஒன்று சரிந்து புது விரிப்பில் தேத்தண்ணி ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"வாறன் உம்மா! கொஞ்சம் பொறுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"கெதியாச் சொல்லு," என்றாள். "எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு."